அரக்கன் என்று எழுதும் முன்

"ஆயுதக் குழுவினர் மாணவிகளை அழைத்துச் சென்றனர்." 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக் பள்ளி விடுதியில் போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழு செய்ததைச் செய்தியில் இப்படி எழுதுவது நடுநிலை என்று சிலர் நினைக்கிறார்கள். அழைத்துச் செல்ல அது என்ன பள்ளிச் சுற்றுலாவா? நள்ளிரவில் 276 பேரைக் கடத்தினார்கள். சில வாரங்களில், அவர்களை விற்கப்போவதாகக் குழுவின் அப்போதைய தலைவர் ஷெகாவ் வீடியோவில் சொன்னார். இதைக் கொடுமை என்று சொல்லக் கூசுவது முதல் தவறு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவே சதா அறம்தான் பேசுகிறது. 'போக்கோ ஹராம்' என்ற பெயரின் பொருளே ஏறக்குறைய 'மேற்கத்தியக் கல்வி ஹராம்', அதாவது மார்க்கம் விலக்கிய பாவம், என்பதுதான்.

சரி, அப்படியானால் 'அரக்கர்கள்', 'மிருகங்கள்' என்று எழுதலாமா? கோபம் புரிகிறது. ஆனால் அரக்கன் என்று எழுதிவிட்டால் அவன் ஏன் அப்படி ஆனான் என்று அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள். நைஜீரியாவின் மைதுகுரி நகரில் பிரசங்கம் செய்துவந்த, குழுவைத் தொடங்கிய முகமது யூசுப், 2009இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு குழு இன்னும் மூர்க்கமானது. இதைச் சொன்னால், "அவங்களுக்கு வக்காலத்து வாங்குறியா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். காரணம் சொல்வது வக்காலத்து ஆகாது.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. கடத்தப்பட்ட பெண்கள் பல வருடம் கழித்து, சிலர் கைக்குழந்தையோடு, ஊர் திரும்பினார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர்கள்: 'போக்கோ ஹராம் மனைவிகள்', 'சாம்பிசா பெண்கள்', இன்னும் மோசமாக 'அன்னோபா', அதாவது கொள்ளைநோய். சாம்பிசா என்பது குழு பதுங்கியிருந்த காடு. பிறந்த குழந்தைக்கும் 'கெட்ட ரத்தம்' என்று பெயர். செயலைக் குறிக்கவேண்டிய சொல்லை ஆளின் உடம்பில் ஒட்டினால், அது பக்கத்தில் நிற்பவர்மீதும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண்களை 'தீவிரவாதியின் மனைவி' என்று செய்தியில் எழுதுபவரும் அதைத்தான் செய்கிறார். 'கடத்தப்பட்டு, கட்டாயத் திருமணம் செய்துவைக்கப்பட்டவர்' என்று எழுதினால் இடம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒரு பக்கத்துக்கு மட்டும் அறம் பேசுவது. 2014 மார்ச்சில் மைதுகுரியின் கிவா ராணுவ முகாமைத் தாக்கி, குழு கைதிகளைத் திறந்துவிட்டது. வெளியே வந்தவர்களில் 600க்கும் மேற்பட்டோரை ராணுவம் பிடித்துக் கொன்றதாகவும், பெரும்பாலோரிடம் ஆயுதம் இல்லை என்றும் மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல் சொன்னது. குழு செய்தால் 'படுகொலை', ராணுவம் செய்தால் 'நடவடிக்கை' என்று எழுதுகிறோம். நான் அந்த 'நடவடிக்கை'யை அடித்துவிட்டு, 'கொன்றதாக அம்னஸ்டி கூறுகிறது' என்று எழுதுவேன்.