சிறிய விமானத்தில் நகரைப் பார்க்கப் புறப்படுமுன்

நகரத்தின் புகழ்பெற்ற கோபுரத்தையோ பாலத்தையோ சிலையையோ சிறிய விமானத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அரை மணி நேரப் பயணம் என்று சொல்லப்பட்டாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், நகர மையம் வரை போய்த் திரும்புவதும் போக, அந்தச் சின்னத்தைச் சுற்றி வருவதற்கு மிஞ்சுவது சில நிமிடங்களே. அவை நன்றாக அமைவதற்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதியைப் பணம் கட்டும் முன்பே செய்து முடிக்க வேண்டும்.

சொல்லப்படும் நேரம் இன்ஜின் ஓடும் நேரமா, வானில் இருக்கும் நேரமா என்பதை முதலில் கேளுங்கள். அடுத்து, எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கமாகப் பறப்பார்கள் என்று கேளுங்கள். நெரிசலான நகரப் பகுதியின் மேல் பறக்கும்போது, 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிடக் குறைந்தது 300 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,000 அடி, மேலே இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் பொது விதி. சில நகரங்களில் கட்டுப்பாடு இதைவிடக் கடுமையானது. பாரிஸ் நகரின் மேல் 2,000 மீட்டருக்குக் கீழே விமானங்கள் பறக்கப் பொதுவாக அனுமதியில்லை. வாஷிங்டனில் வெள்ளை மாளிகையைச் சுற்றியுள்ள வான்பரப்பு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஆகவே விளம்பரப் படத்தை நம்பாமல், அதே பயணத்தில் பயணிகள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்வது நல்லது.

விமானியிடம் வணிக விமானி உரிமம் இருக்கிறதா, நிறுவனத்துக்குக் கட்டணப் பயணிகளை ஏற்றிச் செல்லும் அனுமதியும் காப்பீடும் இருக்கின்றனவா என்று தயங்காமல் விசாரியுங்கள். தனியார் விமானி உரிமம் மட்டும் வைத்திருப்பவர் லாபத்துக்காகப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. ஆனால் என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, வானிலை காரணமாகப் பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதுதான். இத்தகைய விமானங்கள் பெரும்பாலும் கண்பார்வையை நம்பியே பறக்கின்றன; மேகம் தாழ்ந்தாலோ புகைமூட்டம் அடர்ந்தாலோ பறக்கக் கூடாது. பணத்தைத் திருப்பித் தரவோ வேறொரு நாளுக்கு மாற்றித் தரவோ தயாராக இருக்கும் நிறுவனத்தில், விமானி எந்த நெருக்கடியும் இல்லாமல் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லும் விமானியை மனதார மதியுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலைப் பொழுதே பொதுவாகச் சிறந்தது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, வெப்பக் காற்று மேலெழுந்து சிறிய விமானத்தைக் குலுக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் நிழல்கள் நீண்டு, கட்டடங்களின் வடிவம் தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் மேலிருந்து பார்த்தால் எல்லாம் தட்டையாகவே தோன்றும். நீங்கள் பார்க்க விரும்பும் சின்னத்தின் முகப்பு கிழக்கு நோக்கியதா மேற்கு நோக்கியதா என்று தெரிந்துகொண்டு, வெளிச்சம் அதன்மேல் விழும் வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

செஸ்னா 172 போல இறக்கை மேலே அமைந்த விமானமாக இருந்தால் கீழே பார்க்கத் தடை குறைவு. இறக்கை கீழே அமைந்த விமானத்தில் அதுவே காட்சியை மறைக்கும். நான்கு இருக்கைகள் இருப்பதால் நான்கு பெரியவர்கள் ஏறலாம் என்று எண்ண வேண்டாம். எரிபொருள் தொட்டி நிறைந்திருந்தால் எடை வரம்பு பெரும்பாலும் அதற்கு இடம் தராது. எடையைக் கேட்டால் உடுப்பும் கேமராவும் சேர்த்து உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை விமானி அதை வைத்தே முடிவு செய்வார். விமானம் இடப்பக்கம் சாய்ந்து வட்டமிட்டால் இடப்பக்கத்தில் இருப்பவர்களுக்கே சின்னம் தெரியும். ஆகவே இரு பக்கமும் ஒவ்வொரு சுற்று வர முடியுமா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பவர்கள் கறுப்பு நிற உடை அணிந்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும். லென்ஸை ஜன்னலுக்கு மிக அருகே கொண்டுபோகலாம், ஆனால் அது ஜன்னலைத் தொடக் கூடாது. தொட்டால் இன்ஜினின் அதிர்வு அப்படியே படத்தில் இறங்கிவிடும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி அளவில் வையுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். விமான ஜன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், அந்த ஃபில்டர் இருந்தால் வானவில் நிறத் திட்டுகள் படத்தில் விழும்.

புறப்படும் முன் சீட் பெல்ட்டை நீங்களே ஒருமுறை மாட்டி, பார்க்காமலே கழற்றிப் பழகுங்கள். 2018 மார்ச்சில் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில், கதவு திறந்து பறந்த ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தபோது, கூடுதல் பாதுகாப்பு வாரை உடனே கழற்ற முடியாமல் பயணிகள் ஐவரும் நீரில் மூழ்கி இறந்தார்கள். கையால் சட்டென விடுவிக்க முடியாத வார் எதையும் ஏற்காதீர்கள்.

புகழ்பெற்ற இடங்களைச் சுற்றி வேறு விமானங்களும் வரும். 2009 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றின் மேல் சிறிய விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்த பிறகே, கடந்து செல்பவர்களுக்கும் அங்கேயே வட்டமிடுபவர்களுக்கும் அங்கே வெவ்வேறு உயரங்கள் வகுக்கப்பட்டன. எனவே சின்னத்தை நெருங்கும்போது விமானி வானொலியில் பேசிக்கொண்டிருந்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஆனால் வேறொரு விமானம் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள். விமானத்தின் மூக்கை 12 மணியாக வைத்துக்கொண்டு, 'மூன்று மணித் திசையில் ஹெலிகாப்டர்' என்றால் அவருக்குப் புரியும்.

குமட்டல் வருவதாகத் தோன்றினால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். காற்றுத் துவாரத்தை முகத்தை நோக்கித் திருப்புங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே ஆகாது. குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திராமல் தொடக்கத்திலேயே விமானியிடம் சொல்லிவிட்டால், அவர் வட்டமிடுவதை நிறுத்தி விமானத்தை நேராகச் செலுத்துவார்.