முழங்கால் மூட்டுத் தேய்வை அறிந்துகொள்ளலும் கையாளலும்

தேங்காய் திருவி முடித்துத் திருவலையை விட்டு எழும்பும்போது ஒரு கையைச் சுவரிலும் மறு கையைத் தொடையிலும் ஊன்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்த முழங்காலைக் கவனிக்கத் தொடங்க அதுவே உரிய நேரம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இந்த நிலைக்கு வந்தவர்களில் பலர் முதலில் செய்வது நடையைக் குறைப்பதுதான். மூட்டுத் தேய்ந்துவிட்டது, இனிப் பாவிக்காமல் வைத்திருந்தால்தான் மிச்சமாவது மிஞ்சும் என்று வீட்டாரும் சொல்லிவிடுவார்கள். மருத்துவம் சொல்வது இதற்கு நேர்மாறானது: தேய்ந்த முழங்காலுக்கு முதல் மருந்து அளவான வேலை, குறிப்பாகத் தொடைத் தசைக்கான பயிற்சி, குளிசையும் ஊசியும் அதற்குப் பின்னால் வருபவை.

இதற்கான காரணம் மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. அதற்கென்று இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவமே அதற்கு ஊட்டம் கொடுக்கிறது. நாம் நடக்கும்போது கசியிழையம் அழுந்தியும் விரிந்தும் அந்தத் திரவத்தைப் பரிமாறிக்கொள்கிறது. மூட்டுத் தேய்வில் இந்தக் கசியிழையம் மெலிவது மட்டுமல்ல, எலும்பின் ஓரங்களில் சிறு முளைகள் தோன்றுகின்றன, உட்சவ்வு அவ்வப்போது அழற்சி கொள்கிறது, நோவுக்குப் பயந்து ஓய்ந்திருக்கும் தொடைத் தசையும் மெலிந்துபோகிறது. இவற்றில் நம் கையால் திருத்தக்கூடியது தசை.

அடையாளம் காணல்

வயது 45 ஐத் தாண்டியிருக்க வேண்டும். நோவு வேலை செய்யும்போது கூடி, இருந்தால் தணிய வேண்டும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருந்தால் அந்த இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் எக்ஸ்ரே இல்லாமலேயே மூட்டுத் தேய்வு என்று வைத்தியர் தீர்மானிக்கலாம். படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருக்கும். நெடுநேரம் பஸ்ஸில் இருந்துவிட்டு இறங்கும்போது முதல் சில அடிகள் நோகும். முழங்கால் சிரட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கி நீட்டினால் மணல் அரைபடுவது போன்ற நறநறப்புக் கைக்குத் தெரியும். ஆயினும் நோவே இல்லாத முழங்காலில் கேட்கும் வெறும் சத்தத்துக்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

வீக்கத்தைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கட்டிலில் காலை நீட்டி, தசையைத் தளர்த்தி, இரண்டு முழங்கால்களையும் பக்கத்துப் பக்கமாகப் பாருங்கள். சிரட்டையின் உட்பக்கத்தில் சாதாரணமாக ஒரு சிறு குழி இருக்கும். ஒரு காலில் அந்தக் குழி நிரம்பி மேடாகத் தெரிந்தால் மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கலாம். தொடைகளையும் ஒப்பிடுங்கள், நோகும் காலின் தொடை சற்று மெலிந்திருப்பது அடிக்கடி காணக்கூடியது.

யாருக்கு இது கூடுதலாக வருகிறது என்பதும் பயனுள்ள தகவல். உடற்பருமன், மாதவிடாய் நின்ற பெண்கள், குடும்பத்தில் உள்ள போக்கு, இளவயதில் மோட்டார் சைக்கிள் விபத்திலோ உதைபந்தாட்டத்திலோ முழங்காலில் பட்ட பழைய அடி ஆகியவை முக்கியமானவை. ஆண்டுக்கணக்காகக் குந்தியும் முழந்தாளிட்டும் பாரம் தூக்கியும் செய்யும் வேலைகளும் இப்பட்டியலில் சேரும். படுவான்கரை வயல்களில் களை பிடுங்குபவர்களையும் கரைவலை இழுப்பவர்களையும் நெல்மூட்டை சுமப்பவர்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இது வேறு நோயாக இருக்கலாமா

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. காலை இறுக்கம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம் என்பதால் அங்கே காத்திருப்பது நட்டம். இரவோடிரவாக ஒரே மூட்டுச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும் நோவு, யூரிக் அமில வாதமாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் பின் பல மூட்டுகள் ஒன்றாக நொந்து வாரக்கணக்கில் விடாதிருந்தால் சிக்குன்குனியாவை நினைக்க வேண்டும். 2006 இன் இறுதியில் அது கிழக்கில் பரவியபோது பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த நோவு நன்கு தெரியும். முழங்காலில் உணரப்படும் நோவு சிலவேளை இடுப்பு மூட்டிலிருந்தும் வரக்கூடும்.

முழங்கால் திடீரென வீங்கி, சூடாகி, அசைக்க முடியாமல் காய்ச்சலும் சேர்ந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். எண்ணெய் பூசிக் காலையில் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, கெண்டைக்கால் முழுவதும் வீங்கி நோதல் ஆகியவையும் அவ்வாறே.

மூட்டு நோவென்றதும் 'வாதக் கிருமி' பார்ப்பதற்கென்று இரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. மூட்டுத் தேய்வு இரத்தத்தில் தெரிவதில்லை. நல்ல சுகத்தோடு இருக்கும் முதியவர்கள் சிலருக்கும், முடக்குவாதத்தைத் தேட அந்தப் பரிசோதனையில் பார்க்கும் வாதக் காரணி (rheumatoid factor) பொசிட்டிவ் என்று வரும். அந்தத் துண்டை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். படத்தில் மோசமாகத் தேய்ந்த மூட்டோடு இலகுவாக நடப்பவரும் உண்டு, படம் நன்றாக இருந்தும் நோவில் தவிப்பவரும் உண்டு.

பயிற்சி

முதலாவது, துவாயைச் சுருட்டிச் செய்வது. கட்டிலில் காலை நீட்டியிருந்து, சுருட்டிய துவாயை முழங்காலின் கீழே வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்துங்கள். சரியாகச் செய்தால் சிரட்டை தொடைப் பக்கமாக மெல்ல ஏறுவதையும், அதற்கு மேலுள்ள தசை கல்லுப்போல் இறுகுவதையும் விரலால் தொட்டு உணரலாம். மூச்சை அடக்காமல் ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை.

இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து ஊன்றி, மற்றக் காலை நேராக வைத்தபடி ஒரு முழ உயரத்துக்கு உயர்த்தி, ஐந்து விநாடி வைத்து, மெதுவாக இறக்குவது. தொப்பென்று போடக் கூடாது. இறக்கும்போது தசை செய்யும் வேலைக்கும் பலன் உண்டு.

மூன்றாவது பயிற்சியே அன்றாட வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது. கைபிடி இல்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், வேண்டாம். கைகளை மார்பில் கட்டி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, முன்னே சாய்ந்து எழும்புங்கள். மூன்று வரை எண்ணியபடி மெதுவாக மீண்டும் கதிரையில் இருங்கள். முடியாவிட்டால் இருக்கையின் மேல் ஒரு தலையணை வைத்து உயர்த்தித் தொடங்கலாம். ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்துக்குக் கொண்டுவந்து, பிறகு தலையணையை எடுத்துவிடலாம்.

தொடக்கத்தில் நோவு சற்றுக் கூடுவது இயல்பு. பயிற்சியால் வந்த நோவு மறுநாளுக்குள் அடங்கினால் அளவு சரி. மறுநாளும் மூட்டு வீங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிட வேண்டாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். இரண்டாம் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். இதனோடு நடையும் வேண்டும்: வெயில் ஏறுமுன் பத்து நிமிடத்தில் தொடங்கி, சமதரையில், காலைப் பிடிக்கும் செருப்போடு நடக்கலாம். கடற்கரை மணலில் பாதம் புதைவதால் ஆரம்பத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. அரச வைத்தியசாலைகளின் பிசியோதெரபிப் பிரிவில் ஒருமுறையேனும் முறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ உங்கள் ஊர் வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்றுப் போகலாம்.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்ந்திருப்பவர்கள் கேட்பதுண்டு. உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாக மணலிலும் கரடிலும் பல நாள் நடக்க வேண்டியிருப்பதால், குறைந்தது இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே நடையைப் படிப்படியாகக் கூட்டி வர வேண்டும். மூட்டு வீங்கியிருக்கும் நிலையில் புறப்படக் கூடாது.

வீட்டிலும் தொழிலிலும்

ஆழமாகக் குந்துவதும் நெடுநேரம் சப்பாணி கட்டி இருப்பதும் முழங்காலின் அழுத்தத்தைக் கூட்டும். திருவலையை மேசையில் பூட்டும் வகைக்கு மாற்றுவது, மீனை நின்றபடி வெட்டுவது, மலசலகூடத்தில் கொமோட் பொருத்த வசதியில்லாவிட்டால் நடுவில் துளையுள்ள கதிரையை வைப்பது, சுவரில் ஒரு கைபிடி அடிப்பது ஆகியவை குறைந்த செலவில் நிறைந்த பலன் தருபவை. முழந்தாளிட முடியாதவர் இருந்தபடி தொழுவதை இஸ்லாம் அனுமதிக்கிறது; கோயிலில் கதிரை கேட்பதிலும் குறையொன்றுமில்லை.

படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நோகும் பக்கத்திலேயே பிடிப்பவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லி யாரையும் வதைக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் அதுவே சுமார் 50 கிராம் சீனி, 200 கலோரி. அங்கே தொடங்குவதே இலகு. பிறகு பிட்டில் தேங்காய்ப்பூவையும், தயிரில் ஊற்றும் பாணியையும் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்து

முழங்கால் தோலுக்கு அருகில் இருப்பதால் டைக்குளோபினக் ஜெல் போன்ற பூசும் மருந்து நன்றாக வேலை செய்யும், வயிற்றுக்கும் பாதிப்புக் குறைவு; முதலில் அதையே வைத்தியரிடம் கேளுங்கள். பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம்; உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் அளவு குறைய வேண்டும். மூட்டுத் தேய்வில் அதன் பலன் சிறியதுதான்.

வாயால் எடுக்கும் டைக்குளோபினக், இபுபுரூபன் ஆகியவை நோவைத் தணிக்கும், ஆனால் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். லொசாட்டன் போன்ற பிரசர் குளிசையும் சிறுநீர் போக்கும் குளிசையும் எடுப்பவர்கள் இவற்றையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்துங்கள். டெங்கு எனில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். பெயரில்லாத பொட்டலத்தில் கலந்து கொடுக்கும் குளிசைகளைப் போட்டு ஒரே நாளில் நோவு பறந்துவிட்டால் மகிழ வேண்டாம், அழற்சியை அடக்கும் வலுவான மருந்தான ஸ்டீரோய்ட் கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகியுங்கள். நீண்ட நாள் எடுத்தால் சீனி வருத்தம் ஏறும், எலும்பு மெலியும்.

நொச்சி இலை ஒத்தணமோ சுடுநீரில் பிழிந்த துவாயோ 15 முதல் 20 நிமிடம் பிடிப்பதும், சித்த வைத்தியரின் எண்ணெயை மெதுவாகப் பூசுவதும் இதமாக இருக்கும். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களுக்குச் சூட்டின் அளவை வேறொருவர் கையால் பார்க்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது உருவக் கூடாது. மூட்டுக்கு நல்லதென்று விற்கப்படும் குளுக்கோசமைன் குளிசைக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல செருப்புக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. மூட்டுக்குள் போடும் ஸ்டீரோய்ட் ஊசி சில வாரங்கள் ஆறுதல் தரும். அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால்தான் அது உதவியது என்று சொல்லலாம்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் இரவுத் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடப்பதே பாடாகிவிட்டால் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றி என்பியல் சத்திரசிகிச்சை நிபுணருடன் பேசலாம். கருவியை உள்ளே செலுத்தித் தேய்ந்த மூட்டைக் கழுவிவிடும் சிகிச்சை மூட்டுத் தேய்வுக்குப் பயன்படுவதில்லை. மாற்று மூட்டுகளில் பெரும்பாலானவை 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கின்றன, ஆனால் மூட்டை மாற்றிய பிறகு பெரும்பாலும் ஆழமாகக் குந்த முடியாது. ஆகவே கொமோட், கதிரை, கைபிடி ஆகிய ஒழுங்குகளை வைத்தியசாலைக்குப் போகுமுன்பே வீட்டில் செய்துவைக்க வேண்டும். சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பற்சொத்தை இருந்தால் தொற்றைத் தடுக்க அதையும் முன்கூட்டியே கவனித்து, மேலே சொன்ன மூன்று பயிற்சிகளையும் சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரங்களில் விடாமல் செய்தவர்கள் அதன் பின் எழும்பி நடக்கக் கூடுதல் தயாராக இருப்பார்கள்.