பாஸ்டன் லீகல்: மறுபடி பார்க்க கடைசி 12 நிமிடம் போதும்

'பாஸ்டன் லீகல்' என்ற அமெரிக்க வக்கீல் தொடரை இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொரு எபிசோடிலும் நேராகக் கடைசி 12 நிமிடத்துக்குத் தாவிவிடுங்கள். மொத்தம் 101 எபிசோடுகள், ஒவ்வொன்றும் சுமார் 40 நிமிடம். முழுசாகப் பார்த்தால் 65 மணி நேரத்துக்கு மேல் போகும். இப்படிப் பார்த்தால் 20 மணி நேரத்தில் முடியும்.

தொடரின் நாயக வக்கீல் ஆலன் ஷோரின் இறுதி வாதம் பெரும்பாலும் அங்கேதான் வரும். நடந்ததை ஜூரிக்குத் தொகுத்துச் சொல்வதுதான் இறுதி வாதத்தின் வேலை என்பதால், வழக்கு மறந்துபோயிருந்தாலும் நமக்கும் அதிலேயே விளங்கிவிடும். அது முடிந்ததும் பால்கனி: ஆலனும் அவருடைய நண்பரான மூத்த வக்கீல் டென்னி கிரேனும் சுருட்டும் ஸ்காட்ச்சுமாக உட்கார்ந்து பேசுவார்கள். என்னைக் கேட்டால் தொடரே அதுதான்.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது ஆகாது. டென்னியின் கோணங்கித்தனத்துக்காகவே பார்ப்பவர்களுக்கும் நஷ்டம்தான், அது எபிசோடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். 'பெட்டர் கால் சால்' மாதிரி ஒரே கதையாக நீளும் தொடரில் தாவினால் ஒன்றும் புரியாது. ஆலன் முதலில் அறிமுகமாகும் 'தி பிராக்டிஸ்' தொடரின் 8வது சீசனையும் தாவாமல் பாருங்கள்.