அப்பாவின் கார் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி

"அந்தப் பாட்டெல்லாம் யூடியூபிலேயே இருக்கே, எதுக்கு இந்த வேலை?" என்றான் தம்பி. பாட்டு இருக்கிறது, சரி. பெரியகுளம் வீட்டில் கொடைக்கானல் பண்பலை 100.5-ஐ டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) பதிவு செய்து அப்பா ஆம்னி வேனில் போட்ட கேசட் அங்கே இல்லை. பாதியில் தொடங்கும் பல்லவி, சரணத்துக்குள் நுழையும் அறிவிப்பாளர் குரல், இந்தப் பாட்டுக்கு அடுத்து அந்தப் பாட்டு என்ற வரிசை, எல்லாமே அதில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு பக்கத்தை முழுசாக, வெட்டாமல் ஏற்றுங்கள்.

முதலில் நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை; பிளேயரில் போடாதீர்கள், மற்ற கேசட்டுகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் டேஷ்போர்டிலேயே கிடந்தவற்றில் கூடு வளைந்திருக்கும். திருகாணி வைத்த வேறொரு கேசட்டைத் திறந்து, நாடாச் சுருளை அதற்குள் மாற்றிவிடலாம். நாடாவை ஹெட்டோடு (நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் பாகம்) அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தாலும் இதுதான் வழி. அப்புறம் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரியும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பிளேயரின் ஹெட்டைத் துடையுங்கள். பதிவு செய்த அதே டூ-இன்-ஒன் இன்னும் ஓடினால் அதையே பயன்படுத்துங்கள். வேறு பிளேயரில் ஹெட்டின் சாய்வு கொஞ்சம் மாறியிருக்கும், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். எனக்கு இந்தத் திருகாணிதான் எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது.

பல மடிக்கணினிகளின் மைக் துளை ஒற்றை ஒலியைத்தான் (மோனோ) வாங்கும். பிளேயரின் ஒலியை வாங்கும் லைன்-இன் துளை உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம். உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் நகலில் செய்யுங்கள், மூலக் கோப்பைத் தொட வேண்டாம்.

உள்ளட்டையில் அம்மா பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பாட்டுப் பட்டியல் இருந்தால் அதையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்பீக்கர் காந்தத்துக்கு அருகில் வைக்காமல், ஈரமில்லாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.