வேலூர் வெயிலில் ஒரு சிறிய வீடு: கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுநூறு சதுர அடியில், மரமும் காற்றும் சூழ ஒரு சிறிய வீடு. ('சின்ன வீடு' என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும்.) இந்த ஆசையோடு காட்பாடி, சத்துவாச்சாரி, அரியூர் பக்கம் மனை தேடுகிறவர்களிடம் பேசினால், முதலில் கைப்பேசியை எடுத்து ஒரு கேரள வீட்டுப் படத்தைக் காட்டுவார்கள். சரிந்த ஓட்டுக்கூரை, நடுவே கண்ணாடி மூடிய முற்றம், சுவரெல்லாம் ஜன்னல். அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை. இங்கே அதில் மூன்றில் ஒரு பங்குதான். நம் ஊருக்கு வெயிலூர் என்று பட்டப்பெயரே உண்டு. இங்கே இயற்கையோடு ஒட்டி வாழ்வதென்றால், வெயிலை எங்கே உள்ளே விடுவது, எங்கே மறிப்பது என்று முதலில் முடிவெடுப்பதுதான். படத்தைப் பார்த்துக் கட்டுவது முதல் தவறு.

இரண்டாவது தவறு நான் செய்தது. மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறை. 'கன்னி மூலையில்தான் (தென்மேற்கில்) தலைவன் படுக்க வேண்டும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். மே மாதம் இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஞாபகம் வரும். பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை வாங்கிய சூட்டை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மெதுவாகக் கடத்தி, நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து உள்ளே விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி நம்மேல் வீசுகிறது.

இதற்கு இரண்டடி சன்ஷேட் போதும் என்பார் மேஸ்திரி. போதாது. சன்ஷேட் உச்சி வெயிலுக்குத்தான் குடை. நான்கு மணிக்குச் சாய்ந்து வரும் வெயில் அதன் அடியில் புகுந்துவிடும். கத்திரி நாட்களில், அதாவது மே 4 முதல் 28 வரை, சூரியன் வடமேற்கில் சாய்வதால் வடக்குச் சுவருக்கும் மாலையில் கொஞ்சம் பங்கு உண்டு. மாடிப்படி, கழிவறை, அலமாரி எல்லாவற்றையும் மேற்கே தள்ளுங்கள். மாடிப்படி தென்மேற்கில் இருக்கலாம் என்று வாஸ்து பார்ப்பவர்களே சொல்கிறார்கள், ஆக வீட்டில் சண்டையும் வராது. இதற்கெல்லாம் காலம் கடந்துவிட்ட நான், சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிவலை கட்டி அவரைக் கொடியும் சங்குப்பூவும் ஏற்றிவிட்டேன். கொடி மூடிய பகுதியும் மூடாத பகுதியும் எது எது என்று இரவில் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடலாம்.

முற்றத்துக்குக் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போடுவது அடுத்தது. திறந்த முற்றம் வீட்டுச் சூட்டை மேலே அனுப்பும் வழி. மூடிவிட்டால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மலையடிவாரத்தில் குரங்கு வருமே என்றால் இரும்புக் கம்பி போட்டால் போதும். மழை உள்ளே விழட்டும், அதற்குத்தானே முற்றம்.

ஜன்னல் விஷயமும் அப்படித்தான். இரண்டு தடத்தில் நகரும் அலுமினிய ஜன்னலை எவ்வளவு அகலமாக வைத்தாலும் பாதிதான் திறக்கும். பழைய கதவு ஜன்னல் முழுதும் திறக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னலும், கூரையை ஒட்டி வென்டிலேட்டரும் இருந்தால் மேலே தேங்கும் சூடு தானாக வெளியேறும்.

செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி நடுவில் காற்று இடைவெளி விடும் 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், சூடும் குறைவாக இறங்கும். ஆனால் இந்த முறையில் பழக்கமில்லாத கொத்தனாரிடம் வீடு முழுவதையும் ஒப்படைக்காதீர்கள். முதலில் சுற்றுச்சுவரில் பத்தடி கட்டச் சொல்லிப் பாருங்கள். மொட்டை மாடிக்குத் தட்டோடும் வெள்ளைச் சுண்ணாம்பும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரைச் சோதிக்காமல் கட்டுவதைத்தான் இந்த மாவட்டங்களின் மிகப் பெரிய தவறு என்பேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, அதையே ஊற்றி நனைத்தால் சில ஆண்டுகளில் சுவர் பொரியும், உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும். ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுக்க ஆகும் செலவு, வீட்டுச் செலவோடு பார்த்தால் பெரிதல்ல.

நல்ல தண்ணீர் மேலிருந்து வருவதுதான். 'வேலூரில் 5 செ.மீ. மழை' என்று செய்தி வந்தால், 600 சதுர அடி மாடியில், அதாவது 56 சதுர மீட்டரில், 2,800 லிட்டர் விழுந்திருக்கிறது என்று பொருள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது ஊரெங்கும் குழாய் வைத்தார்கள். பல வீடுகளில் அந்தக் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. முதல் மழையை வெளியே விட ஒரு அடைப்பான், பிறகு வடிகட்டி, பிறகு சம்ப் (நிலத்தடித் தொட்டி), வழிந்தால் கிணறு. வாசல் முழுக்க சிமெண்ட் போடாதீர்கள். அது பகலில் அடுப்பு, மழையில் வாய்க்கால். மேற்கே பதினைந்தடி தள்ளி ஒரு புங்கை போதும். மாசி, பங்குனியில் இலை உதிர்த்துக் கத்திரிக்குள் தழைத்துவிடும் மரம் அது.

மனையை வெயில் காலத்தில் மட்டும் பார்ப்பதும் தவறுதான். 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று கிண்டல் செய்யப்பட்ட பாலாறு 2021 நவம்பரில் பெருக்கெடுத்ததை எல்லோரும் பார்த்தோம். நான் முதலில் வாங்க நினைத்த மனை ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. மூலையில் கோரைப்புல் அடர்ந்து நின்றது. "செழிப்பான மண் சார்" என்றார் தரகர். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "ஐப்பசியில் மலைத்தண்ணீர் இப்படித்தான் இறங்கும், தம்பி" என்று தன் கோலால் மனையின் நடுவே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். முன்பணம் சட்டைப்பையிலேயே திரும்பி வந்தது.