மாவுச்சத்து குறைந்த கோழி–காய்கறி வதக்கல்

வீட்டில் செய்யும் கோழி வதக்கல் சுவை கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஈரம் வடியாத கறியையும் காய்களையும் ஒரே நேரத்தில் வாணலியில் கொட்டினால், அவை விடும் நீரிலேயே எல்லாம் வெந்து துவண்டுவிடும். அந்த நீரைக் கெட்டியாக்கச் சோளமாவைக் கரைத்து ஊற்றும்போது, நாம் தவிர்க்க நினைத்த மாவுச்சத்து ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 7 கிராம் என்ற கணக்கில் உள்ளே வந்துவிடுகிறது.

இருவருக்கு எலும்பில்லாத தொடைக்கறி 300 கிராம் போதும். நெஞ்சுக்கறி பெருந்தீயில் எளிதில் வறண்டுபோகும்; தொடைக்கறியில் கொழுப்பு சற்றுக் கூடுதல் என்பதால் அது தாங்கும். கறியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால், நார் போகும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்குவது எளிது. ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, உப்பு, சிறிது மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைப் பிசறிப் பத்து நிமிடம் வைக்கவும். இஞ்சி பூண்டு விழுது வேண்டாம். அது நீர் விடும், வாணலியில் ஒட்டிக் கருகவும் செய்யும். நீளவாக்கில் அரிந்த பூண்டும் இஞ்சியும் போதும்.

குடைமிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், காளான் ஆகியவை இதற்கு ஏற்றவை. உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். வெங்காயத்திலும் மாவுச்சத்து உண்டு என்றாலும், மணத்துக்காக அரை வெங்காயம் சேர்ப்பதில் தவறில்லை. காய்கள் எல்லாம் சேர்ந்து 350 கிராம் அளவில் இருக்கட்டும்.

இரும்பு வாணலியைப் பெரிய அடுப்பில் வைத்து, இலேசாகப் புகையும்வரை காயவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றவும். (ஒட்டாத பூச்சுள்ள சட்டியை இவ்வளவு சூடாக்கக் கூடாது.) கறியில் பாதியை மட்டும் பரப்பி, ஒரு நிமிடம் கிளறாமல் விட்டால் அடிப்பக்கம் சிவந்துவிடும், பிறகு புரட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டு, மறுபாதியையும் அவ்வாறே செய்யவும். நம் வீட்டு அடுப்புகளின் தீ உணவகத் தீயைப் போன்றதன்று என்பதால் இப்படிப் பிரித்து வதக்குவது இன்றியமையாதது.

அதே வாணலியில் சீரகம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, முதலில் காளானை நீர் வற்றும்வரை வதக்கி, அடுத்துக் காலிஃபிளவரையும், அது பாதி வெந்தபின் முட்டைக்கோஸையும் குடைமிளகாயையும் சேர்க்கவும். மூடி போடக் கூடாது. காய்க்கான உப்பை இறுதியில் சேர்த்தால் நீர் விடுவது குறையும்.

கறியை அதன் சாற்றோடு திரும்பச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸை வாணலியின் ஓரமாக ஊற்றி, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகைத் தூவி ஒரு நிமிடம் புரட்டவும். தடித்த துண்டொன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. சோயா சாஸில் உப்பு மிகுதி, எனவே மற்ற உப்பைக் குறைத்துக்கொள்ளவும். தக்காளி சாஸிலும் இனிப்பு மிளகாய் சாஸிலும் சர்க்கரை இருப்பதால் அவை இங்கே வேண்டாம். அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறு பிழியலாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த வதக்கலை மட்டும் உண்டு சோற்றைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். மருத்துவரைக் கேட்டபின் மாற்றுவதே நல்லது. மற்றவர்கள் இதனோடு ஒரு முட்டைப் பொரியலைச் சேர்த்துக்கொண்டால் வயிறு நிறையும்.