இலையுதிர்காலக் கடைசியில் கடற்பறவை பார்ப்பது எப்படி?

கோடையில் கில்லிமாட், ரேசர்பில் என்னும் கடற்பறவைகள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்த வடக்கு அட்லாண்டிக் கரைப் பாறைகள், அக்டோபர் இறுதியில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். பஃபின் பறவைகள் ஆகஸ்டிலேயே நடுக்கடலுக்குப் போய்விடுகின்றன. ஆகவே இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது பாறையை அல்ல, பாறையின் மேலிருந்து தெரியும் கடலை.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்று ஓய்ந்த தெளிவான நாளில் பறவைகள் கண்ணுக்கு எட்டாத தொலைவில் கடந்துவிடும். கடலிலிருந்து கரையை நோக்கிப் பலத்த காற்று வீசும்போதோ அவை கரைப்பக்கம் ஒதுக்கப்படுகின்றன. மீண்டும் திறந்த கடலை அடைய, நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைச் சுற்றியே அவை செல்ல வேண்டியிருப்பதால், அங்கே காத்திருப்பவருக்கு மிக அருகில் காட்சி தரும். புயல்மழை கடந்து, காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பிய மறுநாள் விடியற்காலையை, மேற்கு நோக்கிய கரையில் இருப்பவர்கள் தவறவிடக் கூடாது.

அடுத்து இடம். விளிம்புக்குச் சில மீட்டர் உள்ளே, காற்று மறைவாக உள்ள பாறையின் பின்னால் தரையோடு தரையாக அமருங்கள். ஈரப்புல் வழுக்கும்; விளிம்பின் அடிப்பகுதி அரித்துப்போய் மேல்மண் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. எந்தப் பறவைக்காகவும் அங்கே எட்டிப் பார்க்காதீர்கள். மிக உயரமான இடமும் உதவாது, ஏனெனில் பறவைகள் அலைகளின் நிறத்தில் கலந்துவிடும்.

எட்டு அல்லது பத்து மடங்கு பைனாகுலர் தொடக்கத்துக்குப் போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இருந்தால் 20 முதல் 30 மடங்குக்குள் வைத்து, முக்காலியின் கால்களைக் குறுக்கி, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பார்வைப்பரப்பு சுருங்குவதோடு காற்றில் காட்சியும் நடுங்கும்.

இனி பார்க்கும் முறை. அடிவானத்துக்குச் சற்றுக் கீழே பார்வையை நிறுத்தி, பறவை தானாகக் குறுக்கே வரும்வரை பொறுத்திருங்கள். நிறத்தைத் தேடாதீர்கள், மங்கிய ஒளியில் நிறம் ஏமாற்றும், பறக்கும் விதம் ஏமாற்றாது என்பதே என் உறுதியான கருத்து. ஃபுல்மர் விறைத்த சிறகுகளோடு சிலமுறை அடித்து, பின் அலைச்சரிவையொட்டிச் சாய்ந்து சறுக்கும். கில்லிமாட்டும் ரேசர்பில்லும் நீர்மட்டத்தை ஒட்டி, படபடவென்று சிறகடித்து வரிசையாக விரையும். கேனட் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் சிறகு விரிப்பு கொண்டது. முதிர்ந்தது வெள்ளை, இளையது பழுப்பு. மீனைக் கண்டதும் அது உயரத்திலிருந்து தலைகீழாகப் பாயும்போது, நீரைத் தொடும் நொடியில் சிறகுகள் உடலுக்குப் பின்னால் முழுதாக மடங்கிவிடுவதை ஸ்கோப்பில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். கிட்டிவேக் என்னும் சிறிய கடற்காகத்தின் சிறகு நுனிகள் மையில் தோய்த்தவை போலிருக்கும். தடித்த பழுப்புப் பறவையொன்று, சிறகில் வெள்ளைத் திட்டு பளிச்சிட, கேனட்டைத் துரத்தி அது விழுங்கிய மீனைக் கக்கவைத்தால், அது பெரிய ஸ்குவா. நவம்பரில் வடக்குக் காற்று நீடித்தால், 20 சென்டிமீட்டர் நீளமே உள்ள லிட்டில் ஆக் என்னும் கடற்பறவை அலைகளுக்கிடையே தோன்றக்கூடும்.

நேரம், பறந்த திசை, எண்ணிக்கை, காற்றின் திசை ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கரையொதுங்கிய இறந்த பறவைகளைத் தொட வேண்டாம். 2022இல் பறவைக் காய்ச்சல் கேனட்டுகளையும் ஸ்குவாக்களையும் பெருமளவில் கொன்றது. திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காமல், நன்னீரில் நனைத்த மென்துணியால் உப்பைக் கரைத்த பிறகே துடையுங்கள். உப்புப்படிகம் கண்ணாடிப் பூச்சில் கீறல் விடும்.